ஒரு சொல் சொல், உன்னைச் சொல்கிறேன்!

சற்றுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு காட்டினுள் தனியே நடந்து செல்கிறீர்கள். அந்தக் காடு எப்படி இருக்கிறது? இருண்டு கிடக்கிறதா, வெயில் விழுகிறதா? வழியில் ஒரு சாவி கிடக்கிறது. எத்தகைய சாவி? அதை என்ன செய்வீர்கள்? சற்றுத் தள்ளி ஒரு கோப்பை கிடக்கிறது. அதை எடுப்பீர்களா? பின்னர் ஒரு விலங்கு எதிர்ப்படுகிறது. அப்பால் ஒரு நீர்நிலை. முடிவில் வழியை மறித்து ஒரு பெரிய சுவர். அதன் முன் நின்று என்ன செய்வீர்கள்?

விடைகளை எல்லாம் சொல்லி முடித்ததும், கேட்டவள் ஒரு தாளைப் பிரித்துப் ‘பலன்’ படிப்பாள். காடு என்றால் வாழ்க்கையாம். சாவி கல்வி. கோப்பை அன்பு. விலங்கு துன்பம். சுவர் மரணம். நீர் மட்டும் தாளுக்குத் தாள் மாறுகிறது. நான் பார்த்த ஒரு தாளில் அது மகிழ்ச்சி, இன்னொன்றில் நட்பு. இதிலேயே எனக்கு முதல் ஐயம் எழுந்தது.

மழையால் விளையாட்டு வகுப்பு நடவாத நாள்களில் எங்கள் பத்தாம் வகுப்பில் இந்த விளையாட்டு நன்றாகவே நடந்தது. ‘சாவி’ என்றதும் ஒருத்தி தன் அம்மா இடுப்பில் செருகியிருக்கும் பீரோ சாவியைக் கண்டாள். இன்னொருத்தி சைக்கிள் சாவி என்றாள். விடுதி மாணவி ஒருத்திக்கோ டிரங்குப் பெட்டிச் சாவிதான். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள்; வேறு எதை நினைப்பாள்? சுவர் வந்தபோது, ஏறிக் குதிப்பேன் என்று ஒருத்தியும், சுண்ணாம்பு அடித்துக் கோலம் போடுவேன் என்று ஒருத்தியும் கூறினர். மரணத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பவளை இந்த உலகம் இதுவரை கண்டதில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒருத்தி உண்டு. அவள் சாவியையும் எடுக்கவில்லை, கோப்பையையும் எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு நடந்துவிட்டாள். “கல்வியில் நாட்டமில்லை, அன்பை மதிக்காதவள்” என்று தாளில் இருந்தபடி பலன் படிக்கப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அன்று மதியம் அவள் தனியே அமர்ந்து சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. ஏன் அவற்றை எடுக்கவில்லை என்று யாரும் அவளைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் நான் கேட்டேன். “அது யாரோடதோ? தொலைச்சவங்க தேடிட்டு வருவாங்க இல்ல?” என்றாள்.

தோழியரே, பிறர் பொருளைத் தொடக்கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஏழாவது. கீழே கிடந்த பென்சிலைக்கூட அலுவலக அறையில் ஒப்படைக்கச் சொல்லும் பள்ளி நம்முடையது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்த விடைக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும். தாளில் கிடைத்ததோ ‘அன்பற்றவள்’ என்ற பட்டம்!

இந்த விளையாட்டுகளுக்குப் பின்னால் அறிவியல் ஏதேனும் உண்டா என்று நூலகத்தில் தேடினேன். ஒருவகையில் உண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் (டார்வினின் உறவினர்) 1879-இல் தம் மனத்தையே சோதித்துக் கட்டுரை எழுதினார். 75 சொற்களைத் தனித்தனித் தாள்களில் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தச் சொல்லைக் கண்டதும் மனத்தில் என்ன எழுகிறது, எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்று குறித்தார். ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிகளில் நான்கு முறை இவ்வாறு செய்தார். மொத்தம் 505 எண்ணங்கள் எழுந்தன. எண்ணிப் பார்த்தால் அவற்றுள் வெவ்வேறானவை 289 மட்டுமே. மற்றவை திரும்பத் திரும்ப வந்தவை. மனம் தான் நினைத்த அளவு பரந்ததல்ல, நடந்த தடத்திலேயே நடக்கிறது என்று அவர் வியந்தார். அந்த எண்ணங்களில் பெரும் பங்கு அவருடைய இளமைப் பருவத்தில் வேர் கொண்டிருந்தது. பீரோ சாவியும் டிரங்குப் பெட்டிச் சாவியும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் பணியாற்றிய கார்ல் யுங் என்னும் மருத்துவர் இதை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். 1904 முதல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். மருத்துவர் ஒரு சொல் சொல்வார். கேட்பவர் உடனே மனத்தில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குவரை நேரம் அளக்கப்பட்டது. என்ன சொல் வந்தது என்பதைவிட, எங்கே தயங்கினார், எங்கே சிரித்து மழுப்பினார், மறுமுறை கேட்டபோது எந்த விடையை மறந்தார் என்பதையே யுங் கூர்ந்து கவனித்தார். தயங்கிய இடத்தில் ஏதோ ஒரு மனச்சிக்கல் இருக்கலாம். அது என்ன சிக்கல் என்பதைத் தயக்கம் சொல்லாது. அதற்கு மேலும் பேசிப் பார்க்க வேண்டும். எங்கள் மழைநாள் விளையாட்டில் விடுபட்டது இந்தப் பகுதிதான்.

அமெரிக்காவில் கிரேஸ் கென்ட் என்ற பெண்மணியும் ரோசனாஃப் என்ற மருத்துவரும் 1910-இல் வேறொரு வேலை செய்தார்கள். நூறு சொற்களை ஆயிரம் பேரிடம் சொல்லி, எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் என்ன விடை தந்தார்கள் என்று அட்டவணை போட்டார்கள். ‘மேசை’ என்றால் ‘நாற்காலி’, ‘இருட்டு’ என்றால் ‘வெளிச்சம்’ என்றே மிகப் பலர் கூறினர். இதில் தனி மனிதரின் குணம் எங்கே இருக்கிறது? அது மொழியின் பழக்கம். தமிழம்மா நடத்திய இணைமொழிகளை நினைத்துப் பாருங்கள். ‘மேடு’ என்றதும் ‘பள்ளம்’ என்று வாய் தானாகச் சொல்கிறது. ‘இன்பம்’ என்றதும் ‘துன்பம்’ என்பவளுக்கு வாழ்வில் துன்பம் மிகுதி என்று பலன் எழுதுவது எவ்வளவு பேதைமை!

இருந்தும் பலன் படிக்கும்போது “ஐயோ, அப்படியே என்னைச் சொல்லுதுடீ!” என்கிறோமே, அது எப்படி? 1948-இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் ‘உன் குணம்’ என்று ஒரு தாள் கொடுத்து, அது எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கும் மேல் வந்தது. பிறகுதான் உண்மை தெரிந்தது. அனைவருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. சில வேளை கலகலப்பாக இருப்பாய், சில வேளை ஒதுங்கியிருப்பாய் என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

இனிப்பான பலன் என்றால் இது வெறும் வேடிக்கை. கசப்பான பலன் வரும்போது, அதற்கு உரியவள் அதை நம்புகிறாளோ இல்லையோ, சுற்றியிருக்கும் நாற்பது பேர் நம்பிவிடுகிறார்கள். எனக்கு அச்சமூட்டுவது அதுதான்.

ஆகவே இப்போது நாங்கள் வேறு விதமாக விளையாடுகிறோம். பலன் தாள் கிடையாது. ஒருத்தி ஒரு சொல் சொல்வாள். எல்லோரும் மனத்தில் தோன்றியதை ஒரு துண்டுத் தாளில் எழுதுவோம். பிறகு விரும்புகிறவர்கள் மட்டும் அது ஏன் வந்தது என்று சொல்லலாம். விரும்பாதவளை வற்புறுத்தக் கூடாது. நீங்களும் உங்கள் வகுப்பிலோ, பெற்றோரோடு வீட்டிலோ விளையாடிப் பார்க்கலாம். கிணறு, திண்ணை, ரயில், மல்லிகை, கடிதம், ஊஞ்சல், விளக்கு, மணி ஆகிய எட்டுச் சொற்கள் போதும். எதிர்ச்சொல் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

‘மணி’ என்றதற்கு எங்கள் வகுப்பில் பலர் ‘பசி’ என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு அடிக்கும் மணியாம். சிலர் ‘பூசை’ என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி ‘நிமிடம்’ என்றாள். சாவியை எடுக்காமல் நடந்தவளோ ‘குலாப் ஜாமூன்’ என்று எழுதியிருந்தாள். எல்லோரும் திகைத்து, ஏன் என்று கேட்டோம். அவளுடைய தாய்மாமா பெயர் மணியாம். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வாங்கி வருவாராம்.