லினக்ஸ் புரோகிராமிங் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்தாகிவிட்டது. சி மொழியும் ஓரளவு பழகிவிட்டது. இனி லினக்ஸில் இயங்கும் புரோகிராம்களை நாமே எழுதலாம் என்ற ஆசை வருகிறது. புத்தகக் கடைக்குப் போகிறீர்கள். அட்டையில் லினக்ஸ் என்று போட்ட புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலையணை கனம். விலையும் அதற்கேற்ப. எதை எடுப்பது?

தவறான புத்தகத்தை வாங்கினால் பணம் மட்டும் போகாது. ஐம்பதாவது பக்கத்தில் ஒன்றும் புரியாமல் மூடி வைத்துவிட்டு, "புரோகிராமிங் நமக்கு வராது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது வேறு யாருக்கோ எழுதப்பட்ட புத்தகமாக இருந்திருக்கும். எனவே காசைக் கொடுக்கும் முன் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மூன்று வகைப் புத்தகங்கள்

லினக்ஸ் புத்தகங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பயன்படுத்துவோருக்கானவை: லினக்ஸைப் பதிவது, கட்டளைகள், யூசர்களை உருவாக்குவது போன்றவற்றைச் சொல்பவை. இவற்றில் புரோகிராமிங் இருக்காது. இருந்தாலும் ஷெல் ஸ்கிரிப்ட் அளவோடு நின்றுவிடும்.

2. கெர்னலுக்கானவை: லினக்ஸின் உட்கரு எப்படி இயங்குகிறது, அதற்கு டிரைவர் எழுதுவது எப்படி என்று சொல்பவை. 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' இந்த வகை. நல்ல புத்தகம்தான். ஆனால் தொடக்கத்திலேயே இதை வாங்கினால் தலை சுற்றும்.

3. அப்ளிகேஷன் புரோகிராமிங்குக்கானவை: நமக்கு வேண்டியது இதுதான்.

மூன்றாவது வகை எதைச் சொல்லித் தருகிறது? ஒரு புரோகிராம் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது. "இந்த ஃபைலைத் திறந்து கொடு" என்று கெர்னலிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். ஃபைலைத் திறக்க ஓப்பன், படிக்க ரீட், எழுத ரைட், புதிய புராசஸ் உருவாக்க ஃபோர்க் என்று நூற்றுக்கணக்கில் சிஸ்டம் கால்கள் உள்ளன. இவற்றையும், இவற்றுக்கு மேல் அமைந்த லைப்ரரி ஃபங்ஷன்களையும் சரியாகப் பயன்படுத்தக் கற்பதுதான் லினக்ஸ் அப்ளிகேஷன் புரோகிராமிங்.

இந்த வகைப் புத்தகங்கள் சி மொழியைச் சொல்லித் தருவதில்லை. பாயின்டர், ஸ்ட்ரக்சர் என்றால் குழப்பம் வருகிறதா? முதலில் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் 1988-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு போன்ற ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள். பைத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்கும் இந்தப் புத்தகங்கள் உதவும். பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் ஓப்பன், ஃபோர்க், பைப் எல்லாம் அதே பெயரில் இருக்கின்றன.

ஏன் எல்லாம் அடங்கிய புத்தகம்?

ஒரு சிறு உதாரணம் பார்ப்போம். உங்கள் போட்டோக்களை தினமும் இன்னொரு கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும் புரோகிராம் ஒன்றை எழுத நினைக்கிறீர்கள். எளிதான வேலை போலத் தெரியும். ஆனால் இதற்கு என்னென்ன தேவை?

- டைரக்டரியில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிட வேண்டும்.
- எந்த ஃபைல் நேற்றைக்குப் பிறகு மாறியது என்று தேதி பார்க்க வேண்டும்.
- படிக்க அனுமதி இல்லாத ஃபைல் வந்தால் சமாளிக்க வேண்டும்.
- பாதி வேலையில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒழுங்காக நிறுத்த வேண்டும். இது சிக்னல்.
- நெட்வொர்க் வழியே அனுப்ப வேண்டும். இது சாக்கெட்.

ஒரே புரோகிராமில் ஐந்து தலைப்புகள் வந்துவிட்டன! சாக்கெட் பற்றி மட்டும் சொல்லும் புத்தகம் இங்கே கால் பங்கு வேலைக்குக்கூட உதவாது. அதனால்தான் முதல் புத்தகம் பரந்த புத்தகமாக இருக்க வேண்டும் என்கிறோம். பொருளடக்கத்தில் ஃபைல், டைரக்டரி, அனுமதிகள், புராசஸ், சிக்னல், திரெட், நேரம், புராசஸ்களுக்கு இடையே தகவல் பரிமாற்றம், சாக்கெட், டெர்மினல், ஷேர்டு லைப்ரரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

களத்தில் உள்ள புத்தகங்கள்

பிகினிங் லினக்ஸ் புரோகிராமிங்: நீல் மேத்யூ, ரிச்சர்ட் ஸ்டோன்ஸ் எழுதியது. நான்காம் பதிப்பு 2007-இல் வந்தது. ஷெல் தொடங்கி மைஎஸ்க்யூஎல், குனோம், கேடிஇ வரை தொட்டுச் செல்கிறது. மிக எளிய நடை. ஆனால் எதிலும் ஆழமாகப் போகாது.

அட்வான்ஸ்டு லினக்ஸ் புரோகிராமிங்: மார்க் மிட்செல், ஜெஃப்ரி ஓல்டம், அலெக்ஸ் சாமுவேல் எழுதியது. 2001-இல் வெளிவந்தது. பெயரில் அட்வான்ஸ்டு என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், நடை எளிமையானது. இதன் பிடிஎஃப் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அட்வான்ஸ்டு புரோகிராமிங் இன் தி யூனிக்ஸ் என்விரான்மென்ட்: டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1992-இல் எழுதியது. அவர் 1999-இல் காலமான பிறகு ஸ்டீபன் ராகோ புதுப்பித்தார். மூன்றாம் பதிப்பு 2013-இல் வந்தது. லினக்ஸோடு மேக், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் ஆகியவற்றுக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

லினக்ஸ் சிஸ்டம் புரோகிராமிங்: ராபர்ட் லவ் எழுதியது. இரண்டாம் பதிப்பு 2013. கச்சிதமான புத்தகம். ஆனால் சாக்கெட் புரோகிராமிங்கை இதில் எதிர்பார்க்க முடியாது.

தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்: மைக்கேல் கெரிஸ்க் எழுதியது. 2010-இல் வெளிவந்தது. 64 அத்தியாயங்கள், 1,500-க்கும் மேற்பட்ட பக்கங்கள். 500-க்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களையும் ஃபங்ஷன்களையும் விளக்குகிறது. சுமார் 200 முழு உதாரணப் புரோகிராம்கள் உள்ளன. லினக்ஸோடு வரும் மேன் பேஜஸ் என்ற உதவிப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பராமரித்தவர் கெரிஸ்க் என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய புத்தகம் பயன்படுமா?

"2010-இல் வந்த புத்தகமா? கம்ப்யூட்டர் உலகில் அது பழங்கதை ஆயிற்றே!" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை.

புதிய கெர்னல் வரும்போது, ஏற்கெனவே சரியாக ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன்கள் உடையக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகவும் கண்டிப்பானவர். அதனால் ஓப்பன், ரீட், ஃபோர்க் எல்லாம் அன்று இருந்தபடியேதான் இன்றும் இயங்குகின்றன. புதியவை சேரும், பழையவை அப்படியே இருக்கும். 2014-இல் கெட்ரேண்டம், 2019-இல் ஐஓ-யூரிங் போன்றவை சேர்ந்தன. இவை கெரிஸ்க் புத்தகத்தில் இல்லை. தொடக்கத்தில் இவை இல்லாமல் நமக்கு எந்தக் குறையும் வராது.

கெர்னலின் உள்ளே இந்தக் கண்டிப்பு கிடையாது. உள் அமைப்பு அடிக்கடி மாறும். 2005-இல் வந்த டிரைவர் புத்தகத்தின் உதாரணங்கள் பல இன்றைய கெர்னலில் கம்பைல் ஆகாமல் போவதற்கு இதுவே காரணம்.

வேகமாகப் பழசாகும் இன்னொரு பகுதி ஜன்னல், பட்டன் சம்பந்தப்பட்டது. ஜிடிகே 4, க்யூட்டி 6 இரண்டுமே 2020 டிசம்பரில் வந்தன. 2007-ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்து இவற்றைக் கற்க முடியாது. இவற்றுக்கு அந்தந்த அமைப்பின் இணைய ஆவணங்களே சரி.

மூன்றாவது, திரெட். முன்பு லினக்ஸில் ஒவ்வொரு திரெட்டும் தனிப் புராசஸ் போல இருந்தது, தனி எண்ணும் உண்டு. 2003-இல் இந்த முறை மாறி, ஒரு புரோகிராமின் எல்லாத் திரெட்களுக்கும் ஒரே புராசஸ் எண் என்றானது. 2001-இல் வந்த அட்வான்ஸ்டு லினக்ஸ் புரோகிராமிங் பழைய முறையைத்தான் சொல்கிறது. அதைப் படிப்பவர்கள் திரெட் அத்தியாயத்தில் மட்டும் இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கடையிலேயே ஐந்து சோதனைகள்

மேலே சொல்லாத புத்தகம் ஒன்று கையில் கிடைக்கிறதா? நூலகத்திலோ கடையிலோ நின்றபடியே இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

1. கடைசிப் பக்கங்களில் உள்ள இன்டெக்ஸைத் திறந்து ஸோம்பி என்ற சொல்லைத் தேடுங்கள். முடிந்துபோன சைல்டு புராசஸை, பேரன்ட் புராசஸ் வெய்ட் மூலம் விசாரிக்காமல் விட்டால் அது ஸோம்பியாக நிற்கும். புராசஸ் பற்றி ஒழுங்காகச் சொல்லும் எந்தப் புத்தகமும் இதை விடாது. இன்டெக்ஸே இல்லாத புத்தகத்தை உடனே வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது தேட முடியாத புத்தகம் ரெஃபரன்ஸ் ஆகாது.

2. ஏதாவது ஓர் உதாரணப் புரோகிராமைப் பாருங்கள். ஓப்பன் தோல்வி அடைந்தால் மைனஸ் 1 கிடைக்கும், காரணம் எர்னோ என்ற வேரியபிளில் இருக்கும். உதாரணம் இதைச் சோதிக்கிறதா? சோதிக்காத உதாரணத்தைப் பார்த்துக் கற்றால் அதே பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

3. ரீட் பற்றிய பகுதியைப் படியுங்கள். 1,000 பைட் கேட்டால் 300 பைட் மட்டும் வரலாம், அது பிழை அல்ல என்று சொல்லியிருக்கிறதா? இதைச் சொல்லாத புத்தகத்தை நம்பி நெட்வொர்க் புரோகிராம் எழுதினால், தகவல் பாதியில் காணாமல் போகும்.

4. கெட்ஸ் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறார்களா? ஆபத்தானது என்று 2011-ஆம் ஆண்டு சி தரத்திலிருந்தே இதை நீக்கிவிட்டார்கள். எச்சரிக்கை இல்லாமல் இதைப் பயன்படுத்தும் புத்தகம் வேண்டாம்.

5. உதாரணப் புரோகிராம்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வழி உண்டா? ஸ்டீவன்ஸ், கெரிஸ்க் இருவரின் புத்தகங்களுக்கும் இந்த வசதி உண்டு.

வாங்கும் முன் இலவசமாக

காசு செலவழிக்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே உள்ள ரெஃபரன்ஸைப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து மேன் என்ற கட்டளையை அடித்து, இடைவெளி விட்டு 2, மீண்டும் இடைவெளி விட்டு ஓப்பன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஓப்பன் பற்றிய முழு விவரமும் வரும். வெளியேற க்யூ கீயைத் தட்டினால் போதும். உபுண்டு, டெபியனில் வரவில்லை என்றால் மேன்பேஜஸ்-டெவ் என்ற பேக்கேஜைப் பதிந்து கொள்ளுங்கள்.

அந்த 2 எதற்கு? பிரிவு 1 கட்டளைகளுக்கு, 2 சிஸ்டம் கால்களுக்கு, 3 லைப்ரரி ஃபங்ஷன்களுக்கு. எண் கொடுக்காமல் பிரின்ட்எஃப் என்று கேட்டால் அதே பெயரில் உள்ள ஷெல் கட்டளையின் பக்கம்தான் வரும். சி ஃபங்ஷன் வேண்டுமானால் 3 என்று சேர்க்க வேண்டும்.

இவ்வளவு விவரம் இலவசமாக இருக்கும்போது புத்தகம் எதற்கு? ஓப்பன் என்றால் என்ன என்று மேன் பேஜ் சொல்லும். உங்கள் வேலைக்கு ஓப்பன்தான் வேண்டும் என்பதை அது சொல்லாது. எதை எதோடு சேர்ப்பது, எங்கே தவறு நடக்கும் என்பதை உதாரணத்தோடு காட்டுவது புத்தகம்தான்.

எங்கள் பரிந்துரை

முதல் ஒரு மாதம் எதையும் வாங்காதீர்கள். அட்வான்ஸ்டு லினக்ஸ் புரோகிராமிங் பிடிஎஃப்பை இறக்கி, புராசஸ் அத்தியாயம் வரை உதாரணங்களைக் கையால் டைப் செய்து இயக்கிப் பாருங்கள். ஆர்வம் குறையாமல் இருந்தால் தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸை வாங்குங்கள். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கும் இதுவே எங்கள் தேர்வு. மேக், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றிலும் இயங்கும் புரோகிராம் எழுத வேண்டும் என்பவர்கள் மட்டும் ஸ்டீவன்ஸ் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை எடுக்கலாம்.

1,500 பக்கத்தையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. ஃபைல், புராசஸ், சிக்னல் பகுதிகளை வரிசையாகப் படித்து, அத்தியாயத்தின் இறுதியில் உள்ள பயிற்சிகளைச் செய்யுங்கள். மற்றவற்றைத் தேவைப்படும்போது இன்டெக்ஸ் வழியாகத் தேடிப் படித்தால் போதும். மேலே சொன்ன போட்டோ காப்பி புரோகிராமையே உங்கள் முதல் முயற்சியாக வைத்துக் கொள்ளுங்கள். அது ஓடி முடிக்கும் நாளில், வாங்கிய புத்தகத்தின் விலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்!