முறையீடும் ஆராய்ச்சியும்

வாங்குவோர் ஏமாற்றப்படுதல் கூடாது என்பது எவர்க்கும் உடன்பாடே. ஆயின், ஒருவர் குறை கூறியவுடனே விற்போரைக் குற்றவாளி எனக் கொள்ளுதலும் நீதியாகாது. முறையீடு ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. இவ்வுண்மையை நம் நாட்டுச் சட்டம் யாங்ஙனம் போற்றுகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2019-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2020 ஜூலைத் திங்களில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பெற்றது. தனியொருவர்க்கு நேர்ந்த இழப்பிற்கு ஈடு வழங்குவன குறைதீர் ஆணையங்கள். மக்கள் பலர்க்கும் தீங்கு விளைக்கும் பண்டங்களையும், முறையற்ற வாணிகத்தையும், பொய் விளம்பரத்தையும் தடுப்பது இவ்வாணையம்.

இதன் ஆராய்ச்சி படிப்படியாக நடைபெறுவது. முறையீட்டினை மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம். ஆணையம் தானே முன்வந்தும் தொடங்கலாம். முதற்படி முதனிலை விசாரணை. குற்றச்சாட்டிற்கு முகாந்திரம் உண்டு எனத் தோன்றினாலன்றி அடுத்த படிக்குச் செல்லுதல் இல்லை. தோன்றின், தலைமை இயக்குநரேனும் மாவட்ட ஆட்சியரேனும் விரிவாக ஆராய்வர். ஆராய்வோர் ஒருவர், ஆணை பிறப்பிப்போர் மற்றொருவர். ஐயுற்று ஆராய்ந்தவரே தீர்ப்பும் கூறின், தம் ஐயத்தையே சான்றாகக் கொள்ளக்கூடுமன்றோ?

மூன்றாம் படி எதிருரை கேட்டல். பண்டத்தைத் திரும்பப் பெறுமாறு பணித்தற்கு முன்னும், விளம்பரத்திற்காகத் தண்டம் விதித்தற்கு முன்னும், எதிர்த்தரப்பினர் தம் கூற்றை உரைக்க வாய்ப்பளித்தல் வேண்டும். பொய் விளம்பரத்திற்கு ரூ. 10 இலட்சம் வரையும், மீண்டும் செய்யின் ரூ. 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தந்தது. எத்துணை மக்கள் தீங்குற்றனர், அவர் எளியரோ, தவறு எத்துணைக் காலம் நிகழ்ந்தது, விற்பனை வருவாய் யாது என்பனவற்றை நோக்கியே அதன் அளவு உறுதி செய்யப்படும். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரத்தில் கற்கின்றோம். கோவலன் எதிருரையை அம்மன்னன் கேட்டிலன். அதனால் அவனும் மாண்டான், மதுரையும் எரிந்தது.

நிற்க. ஆராய்வோரையும் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. கைப்பற்றிய ஆவணங்களைப் படியெடுத்துக்கொண்டு 20 நாள்களுக்குள் திருப்பியளித்தல் வேண்டும் என்றும், தக்க காரணம் இல்லை என அறிந்தும் சோதனையிடும் அலுவலர் தண்டனைக்குரியர் என்றும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆராயும் பிரிவு ஆணையத்தின் உறுப்பேயாதலின், நடுநிலைமை குறித்து ஐயம் எழலாம். அதற்கெனவே, ஆணையால் வருந்துவோர் 30 நாள்களுக்குள் தேசிய ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யவும் வழி செய்யப்பட்டது.

இத்துணைப் படிகளும் வீண் காலத்தாழ்வே எனச் சிலர் கருதுவர். ஆயின், ஆராயாது விதித்த தண்டம் மேல்முறையீட்டில் நில்லாது. அது வீழுங்கால் இழப்பவர் முறையிட்ட எளியவரே. ஆதலின், எதிர்த்தரப்பினர்க்குச் செய்யும் நீதியே முறையிட்டோர்க்கும் அரணாம்.