நீலக் குழந்தையின் வீட்டு நாட்கள்: இதய அறுவைக்கு முன்பு பெற்றோர் அறிய வேண்டியவை

"குழந்தையின் இதயத்தில் குறை இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனால் இப்போதே வேண்டாம். சில மாதங்கள் வளரட்டும்." மருத்துவர் இவ்வாறு கூறும்போது பெற்றோர் பலருக்கும் முதல் வாக்கியத்துக்குப் பின் எதுவும் காதில் விழுவதில்லை. எதுவும் செய்யாமல் அஞ்சிக் காத்திருக்கும் காலம் என்றே அந்த மாதங்களை அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அவ்வாறன்று. அந்த மாதங்களும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அறுவை அரங்கில் நடப்பதை மருத்துவக் குழு பார்த்துக்கொள்ளும். அதுவரை வீட்டில் நடக்க வேண்டிய சிகிச்சையை நடத்துபவர்கள் பெற்றோரே. அதற்கு வேண்டிய அறிவை எளிமையாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறை இருக்கும். அவற்றுள் பல சிறியவை. சில தாமே சரியாகிவிடும். உடலில் நீலம் பாயச் செய்யும் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்பதாகும். உங்கள் கோப்பில் இதனை 'டி.ஓ.எஃப்.' என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். 1888ஆம் ஆண்டு இதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் ஃபேலோவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

இதயத்தில் என்ன நடக்கிறது?

இதயத்தின் வலது கீழறை, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது கீழறை, ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. இந்நோயில் நான்கு மாற்றங்கள் சேர்ந்திருக்கும். நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் பெரிய துளை இருக்கும். உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி அத்துளையின் மேலே அமர்ந்திருக்கும். குறுகிய வழியை எதிர்த்து உழைப்பதால் வலது கீழறையின் தசை தடித்திருக்கும்.

வாய்க்காலில் அடைப்பு இருந்தால் நீர் பக்கத்து வழியில் திரும்புவதுபோல, நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி துளை வழியே உடலுக்குச் சென்றுவிடுகிறது. அதனாலேயே உதடும் நகங்களும் நீலமாகத் தெரிகின்றன. மாநிறமான குழந்தைகளிடம் தோலில் நீலம் எளிதில் புலப்படாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் குழந்தையின் வழக்கமான நிறம் எது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்; மாற்றத்தை முதலில் அறியப்போகிறவர் நீங்களே.

தாயின் மீது பழி இல்லை

"கிரகணத்தன்று வெளியே வந்தாள்", "சொன்ன பேச்சைக் கேட்காமல் எதையோ தின்றாள்" என்பன போன்ற சொற்கள் நம் வீடுகளில் இன்னும் எழுகின்றன. கருவில் இதயம் உருவாகும் பணி ஏறத்தாழ முதல் 8 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அந்த நாட்களில்தான் அறிகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட இயலாது. சிலரிடம் மரபணு மாற்றம் காணப்படும். தேவையெனில் அதற்கான பரிசோதனையை மருத்துவர் கூறுவார். நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் ஏற்படும் வாய்ப்புச் சற்று மிகுதி என்பது உண்மை. ஆயினும் உறவில் மணம் புரியாதோருக்கும் இக்குழந்தைகள் பிறக்கின்றன.

பழி சுமக்கும் தாய் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. அதன் இழப்பு குழந்தையையே சேரும். ஆதலால் இந்தப் பகுதியை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் படித்துக்காட்டுங்கள். அடுத்த குழந்தைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு 100இல் ஏறத்தாழ 3 மட்டுமே. அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்தை எக்கோ மூலம் பார்த்துவிடலாம்.

பாலூட்டலும் எடையும்

தாய்ப்பால் தருவதற்குத் தடை எதுவும் இல்லை. குழந்தை விரைவில் களைப்படைந்தால் ஒரே வேளையில் நெடுநேரம் ஊட்டாமல், சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுங்கள். ஒருமுறை பாலூட்ட அரை மணி நேரத்துக்கு மேலாகிறது, நெற்றி வியர்க்கிறது, பாதியிலேயே மூச்சு வாங்கி உறங்கிவிடுகிறது என்றால் மருத்துவரிடம் கூறுங்கள். பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாலாடையில் புகட்டலாம். உரைமருந்து, கிரைப் தண்ணீர், தேன் ஆகியவை வேண்டா.

ஆறு மாதம் நிறைந்ததும் கேழ்வரகுக் கூழ், நன்கு மசித்த பருப்புச் சோறு, முட்டை ஆகியவற்றைத் தொடங்கலாம். சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் குறைந்த அளவிலேயே அதிக சக்தி கிடைக்கும். 

இரும்புச்சத்தைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். ஆக்சிஜன் குறைவை ஈடுசெய்ய இக்குழந்தைகளின் உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். ஆகவே பிற குழந்தைகளுக்குப் போதுமான ஹீமோகுளோபின் அளவு இவர்களுக்குக் குறைவாக இருக்கலாம். பரிசோதனைத் தாளில் 'இயல்பு' என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பி, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நீலத் தாக்கம் வந்தால்

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே நினைவில் வைக்க இயலுமெனில் இதனை வையுங்கள். நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய வழி திடீரென மேலும் இறுகும்போது, குழந்தைக்கு நீலம் கடுமையாகும். இதனை மருத்துவர்கள் 'ஸ்பெல்' என்பார்கள். பிறந்து 2 முதல் 4 மாதங்களில் இது தொடங்கக்கூடும். காலையில் கண்விழித்த பின், அழும்போது, பால் குடித்ததும், மலம் கழிக்க முக்கும்போது வருவது மிகுதி. குழந்தை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும், தேற்ற முடியாதவாறு அழும், நீலம் கூடிக்கொண்டே போகும், பின்னர்த் துவண்டுவிடலாம்.

அப்போது செய்ய வேண்டியவை:

1. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, இரு முழங்கால்களையும் மடக்கி அதன் மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். தோளில் அணைத்தபடி முழங்கால்களை மடக்கிப் பிடித்தாலும் போதும்.
2. பதற்றத்தைக் குரலில் காட்டாமல் மெல்லப் பேசித் தேற்றுங்கள். குழந்தையைச் சுற்றிக் கூட்டம் சேரவிடாதீர்கள்.
3. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும்படி மருத்துவர் கூறியிருந்தால், குழந்தையை மேலும் அழவைக்காமல் முகத்தருகே பிடியுங்கள்.
4. சில நிமிடங்களில் தணியாவிட்டாலும், குழந்தை துவண்டாலும், நினைவிழந்தாலும், வலிப்பு வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். செல்லும் வழியிலும் கால்களை மடக்கியே வைத்திருங்கள்.

கால்களை மடக்கும்போது அங்குள்ள இரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன. உடலின் பக்கம் இரத்தம் செல்வதற்குத் தடை கூடுவதால், நுரையீரலின் பக்கம் கூடுதல் இரத்தம் திரும்புகிறது. அறுவை செய்யப்படாத பெரிய குழந்தைகள் ஓடியாடியதும் தாமாகவே குந்தி உட்காருவது இதனால்தான். வலிப்பு என்று எண்ணிக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் நீர் புகட்டுவதும் கூடாது.

தாக்கம் தானே தணிந்துவிட்டாலும் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். ஒரு நீலத் தாக்கம் அறுவையின் நாளையே முன்னுக்குக் கொண்டுவரலாம். "சரியாகிவிட்டதே" என்று அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டா.

இத்தாக்கத்தைத் தடுக்கப் புரோப்ரனலால் என்னும் மருந்து தரப்பட்டிருக்கலாம். அதனைச் சமையலறைக் கரண்டியில் அளக்காமல், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து புகட்டுங்கள். குடித்ததும் வாந்தி எடுத்தால், கேட்காமல் மறுமுறை தராதீர்கள். குழந்தை பால் குடிக்காத நாளில் இம்மருந்தினால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். ஆகவே அடுத்த வேளை மருந்தைத் தரும் முன் மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்துவதும் கூடாது.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தடுப்பூசி, பல்

சிவப்பணுக்கள் மிகுந்த இரத்தம் இயல்பாகவே சற்றுக் கெட்டியானது. நீரிழப்பு ஏற்பட்டால் அது மேலும் கெட்டியாகி, மூளையின் குழாய்களில் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. நீலத் தாக்கமும் தூண்டப்படும். ஆகவே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தொடங்கினால், தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி சிறிதளவு கொடுத்தபடி அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலுடன் விடாத வாந்தியோ மயக்கமோ வலிப்போ இருந்தால் அது அவசர நிலையாகும்.

தடுப்பூசிகளை அட்டவணைப்படி போடுங்கள். 'இதய நோயுள்ள குழந்தைக்கு ஊசி வேண்டாம்' என்பது தவறு. நிமோனியாவைத் தாங்கும் வலிமை குறைந்த இக்குழந்தைகளுக்கே தடுப்பூசி மிகவும் தேவை. வீட்டிலுள்ளவர்கள் புகை பிடிப்பதைக் கைவிட வேண்டும். முதற்பல் முளைத்த நாளிலிருந்தே அதனைத் துலக்குங்கள்; சொத்தைப் பல்லிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் புகுந்து இதயத்தில் தங்கிவிடக்கூடும். பல் சிகிச்சைக்கு முன் எங்களிடம் கேளுங்கள்.

எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் "குழந்தைக்கு டி.ஓ.எஃப். இருக்கிறது" என்று கூறுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் இருக்கும் சிறு காற்றுக்குமிழி, பிற குழந்தைகளிடம் நுரையீரலில் தங்கிவிடும். இக்குழந்தைகளிடமோ துளை வழியே மூளையை அடையக்கூடும். செவிலியர் கூடுதல் கவனம் கொள்ள உங்கள் ஒரு வாக்கியம் போதும்.

அழுகைக்கு அஞ்சி வளர்க்கலாமா?

"குழந்தையை அழவே விடக்கூடாதா?" என்பது வெளிநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. பசித்து அழும்போது விரைந்து பாலூட்டுங்கள், தேவையில்லாமல் அழவைக்காதீர்கள். ஆனால் எல்லா அழுகையும் நீலத் தாக்கமாக மாறுவதில்லை. இரவெல்லாம் இருவரும் விழித்திருந்து மூச்சை எண்ண வேண்டியதில்லை. முறை வைத்து உறங்குங்கள். கால்களை மடக்கிப் பிடிக்கும் முறையைத் தந்தையும் பாட்டியும் பழகியிருந்தால், தாய் அச்சமின்றிக் கண்ணயரலாம்.

தூளியில் இட்டுத் தாலாட்டுங்கள், கொஞ்சுங்கள், தரையில் விட்டுத் தவழச் செய்யுங்கள். மூத்த பிள்ளை தம்பியையோ தங்கையையோ தொடவே கூடாதென்று விலக்காதீர்கள். குழந்தை வளரும்போது, இதய நோயாளி ஆயிற்றே என்று கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்காதீர்கள். அறுவை முடிந்த பின்னும் அது வாழ வேண்டிய வாழ்க்கை நெடியது. இதயத்தின் குறையை நாங்கள் திருத்தலாம். 'நான் நோயாளி' என்று அதன் மனத்தில் பதிந்துவிட்டால் திருத்துவது கடினம்.

அறுவையும் அதன் பின்னரும்

1944ஆம் ஆண்டுவரை இந்நோய்க்கு அறுவை சிகிச்சையே இல்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக், ஆல்ஃபிரட் பிளாலாக், விவியன் தாமஸ் ஆகியோரின் முயற்சியால், நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்பும் மாற்று வழி அமைக்கப்பட்டது. 1954இல் வால்டன் லில்லெஹை இதயத்தைத் திறந்து குறையை முழுமையாகத் திருத்தினார். இதய நுரையீரல் இயந்திரம் பரவலாகாத அக்காலத்தில், அவர் செய்த இத்தகைய அறுவைகள் பலவற்றில் தாயோ தந்தையோ அருகில் படுத்து, தம் உடலின் வழியே குழந்தையின் இரத்தத்தைச் செலுத்தி உயிர் காத்தனர். இன்று துளையை மூடி, குறுகிய வழியை அகலமாக்கும் அறுவை பெரும்பாலும் முதல் வயதிலேயே செய்யப்படுகிறது. உரிய காலத்தில் அறுவை பெறும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் பள்ளி சென்று, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறார்கள்.

செலவை எண்ணி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு இடமுண்டு. குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் நமது மருத்துவமனையின் சமூகப் பணியாளரை அணுகுங்கள்.

அறுவைக்குப் பின் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டா. நுரையீரல் தமனியின் வால்வில் கசிவு மெல்லக் கூடி, பிற்காலத்தில் வால்வு மாற்ற நேரிடலாம். வாழ்நாள் முழுவதும் குறித்த காலத்தில் பரிசோதனை தேவை. பெண் குழந்தை வளர்ந்ததும், திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சிக் கோப்பை மறைத்துவைக்கும் குடும்பங்கள் உண்டு. அவள் தாய்மை அடையும் முன் இதயத்தைச் சோதித்தறிவது அவளுக்கும் அவள் குழந்தைக்கும் பாதுகாப்பு. கோப்பைப் பத்திரப்படுத்துங்கள், உரிய வயதில் அவளிடமே ஒப்படையுங்கள்.

இன்று செய்யக்கூடியவை மூன்று உண்டு. அவசரத் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். கால்களை மடக்கிப் பிடிக்கும் முறையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை செய்து பழகுங்கள். எடை, மருந்தின் அளவு, கேட்க வேண்டிய கேள்விகள் ஆகியவற்றுக்கென ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டையும் உடன் கொண்டுவாருங்கள். அதிலிருந்தே நம் உரையாடலைத் தொடங்குவோம்.