மாசி, பங்குனியில் வீட்டுத் தோட்டமும் கிணற்று ஜலமும்

மாசி பிறந்ததும் வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டி விதை ஊன்றுதல் நம் நாட்டு வழக்கம். பிற இடங்களில் மண்ணையும் எருவையும் முதலில் கவனித்தல் போதும். ஆம்பூர், வாணியம்பாடி முதலிய பாலாற்றங்கரை ஊர்களிலோ, மண்வெட்டியைத் தொடுமுன் கிணற்று ஜலத்தைப் பரீட்சிப்பதே முதல் வேலையாகும். அதன் காரணத்தையும், இப்பருவத்து வேலைகளின் முறையையும் இங்கு சுருக்கமாக எடுத்துரைப்போம்.

உப்பு வந்த வழி

உரித்த தோல் அழுகாதிருக்கும் பொருட்டு அதில் சமையலுப்புத் தேய்த்து அனுப்புகிறார்கள். பதனிடும் சாலையில் அத்தோலை ஊறவைத்து அலசும்போது, அவ்வுப்பின் பெரும்பகுதி கழிவு ஜலத்தில் கரைந்து வெளியேறுகிறது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட நாளிலும் இவ்வுப்பு இருந்தது. பின்னர்க் குரோமிய முறை பரவியபோது குரோமியமும் உடன் சேர்ந்தது. இக்கழிவு பல்லாண்டு நிலத்தில் இறங்கிப் பல கிணறுகளைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நியதியை வற்புறுத்தி, சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பளித்தனர். எனினும், நிலத்தடியில் முன்னமே சேர்ந்த உப்பு தீர்ப்பினால் மாத்திரம் நீங்குவதன்று. ஆகையால் தோட்டக்காரர் தம் கிணற்றின் நிலையைத் தாமே அறிந்து நடத்தல் அவசியம்.

ஜலப் பரீட்சை

கிணற்றிலிருந்து கால்மணி நேரம் இறைத்த பின்னர், சுத்தமான புட்டி ஒன்றை அந்த ஜலத்தாலேயே மும்முறை அலசி நிரப்புக. சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க. அவர்கள் தரும் அறிக்கையில் மின்கடத்தும் திறன் என்னும் எண் டெசிசீமன்ஸ் அளவில் குறிக்கப்பட்டிருக்கும். அது 0.7-க்குக் குறைந்தால் உப்பினால் தடையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைத் தேர்ந்து, கீழ்க்கண்ட முறைகளைக் கையாளவேண்டும். 3-க்கு மேற்பட்டால் காய்கறிக்கு அந்த ஜலத்தை நம்புதல் தகாது.

இவ்வெண்ணின் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். எண் 2 ஆயின், ஒரு லிட்டர் ஜலத்தில் ஏறக்குறைய 1¼ கிராம் உப்பு உண்டு. 2 சென்ட் தோட்டத்துக்குப் பங்குனி வெயிலில் நாளொன்றுக்கு 400 லிட்டர் பாய்ச்சினால், நாள்தோறும் அரைக் கிலோ உப்பைத் தோட்டத்தில் கொட்டியவராகிறோம். 60 நாளில் அது 30 கிலோ. ஜலத்தை வெயிலும் செடியும் கொண்டுபோகும்; உப்போ மண்ணிலேயே தங்கும். தையில் செழித்த தோட்டம் சித்திரையில் இலை நுனி கருகி நிற்பதற்கு, ஜலத் தட்டுப்பாடு மாத்திரமன்றி இதுவும் காரணமாகும்.

பயிர்த் தேர்வு

பீன்ஸ், காரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை சிறிது உப்பையும் பொறா. கத்தரியும் மிளகாயும் ஓரளவே தாங்கும். காராமணி இவற்றினும் அதிகம் தாங்கும். கொத்தவரை அதனினும் அதிகம் தாங்கும். சந்தேகமுள்ள கிணற்றடியில் இவ்விரண்டையுமே முதன்மையாக வைத்தல் அனுகூலம்.

நாற்றும் நிழற்பந்தலும்

உப்பினால் பயிர் மிகுதியும் கெடுவது முளைவிடும் பருவத்தில்தான். ஆகவே தோட்டம் முழுவதற்கும் நல்ல ஜலம் இல்லாதவரும் நாற்றுக்கு மட்டும் நல்ல ஜலம் தேடவேண்டும். ஒரு சதுர மீட்டர் நாற்றுப்பாத்தி 2 சென்ட் நிலத்துக்குப் போதிய கத்தரி நாற்றைத் தரும். அதற்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், 30 நாளில் 150 லிட்டர் போதும். குடிநீர்க் குழாயில் பிடித்த நீரில் அரிசியும் காயும் கழுவிய கழுநீரே இதற்குப் பெரும்பாலும் உதவும், சவர்க்காரம் கலத்தலாகாது.

குளிர் நாடுகளில் வசந்த காலத்து விதைப்புக்குக் கண்ணாடி வீடு அமைப்பது, வெயிலை உள்ளே தேக்கி வைப்பதற்காக. நமக்கோ பங்குனியில் வெயிலைக் குறைப்பதே தேவை. நாற்புறமும் அடைத்த குடில் இக்காலத்தில் நாற்றை வேகவைத்துவிடும். 7 அடி உயரத்தில் பக்கங்கள் திறந்த பந்தல் இட்டு, மேலே தென்னங்கீற்றையோ பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையையோ பரப்புக. நிழலில் மண் விரைவில் உலராது. ஆகையால் ஜலமும் அதனோடு உப்பும் குறைவாகவே சேரும். நாற்றைப் பறிப்பதற்கு 7 நாள் முன்பிருந்து நிழலைச் சிறிது சிறிதாக விலக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்குக.

பாரும் பாய்ச்சலும்

பார் பிடித்து நடும்போது உப்பு பாரின் உச்சிக்கு ஏறி வெண்மையாகப் பூக்கும். ஆதலால் உச்சியில் நடாமல், சரிவில் ஜலம் எட்டும் இடத்துக்குச் சற்று மேலே நடவேண்டும். செடியின் அடியில் சருகு அல்லது வைக்கோலால் நான்கு விரற்கடை மூடாக்கு இடுக. உப்பு ஜலத்தை இலைமேல் தெளித்தால் இலை கருகுமாதலால், காலையிலோ மாலையிலோ வேரடியில் பாய்ச்சுக. வடிகால் உள்ள நிலத்தில், தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஆயினும் உப்பைக் கழுவுவதில் மழைக்கு நிகர் வேறில்லை; மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி, பெய்த நீர் அங்கேயே இறங்கச் செய்க. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உப்புக்கு அன்று. மண் பரிசோதனையில் கூறினாலன்றி இடவேண்டா.

தோல் சாலைக் கழிவுச் சேறு இனாமாகக் கிடைப்பினும் எருவாக இடுதல் கூடாது. அதில் உப்போடு குரோமியமும் இருக்கக்கூடும். தோட்டத்துக்கு ஏற்ற ஜலம் குடிக்கவும் ஏற்றதென்று கொள்ளலாகாது. குடிநீருக்குத் தனிப் பரீட்சை வேண்டும். காய்ச்சுவதால் உப்பு நீங்காது, செறிவே மிகும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் தத்தம் கிராமத்துக் கிணறுகளின் எண்ணை ஆண்டுதோறும் மாசியில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பதிந்துவைப்பின் பெரும் பிரயோஜனமுண்டு. ஒரு கிணற்றின் எண் திடீரென ஏறினால் புதிதாகக் கழிவு கலப்பதாகச் சந்தேகித்து, தேதியோடு கூடிய அப்பதிவுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம். நாவில் பட்ட உவர்ப்பைச் சொல்லும் மனுவினும், பல ஆண்டு எண்களைக் காட்டும் மனு வலுவுடையது. ஒரு புட்டி ஜலத்துக்குச் செலவிடும் அரை நாள், தோட்டத்தையும் காக்கும்; கிராமத்தின் வழக்குக்குச் சாட்சியாகவும் நிற்கும்.