கோழிக் குடலும் மூலிகைச் சாறும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த ஊர் அமரவிளை. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் புறக்கடையில் கோழி வளர்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இடவப்பாதி மழையில் கூட்டின் தரை ஈரமாகும்போது குஞ்சுகளுக்குத் துன்பம் நேரிடும். மூன்று முதல் ஆறு வார வயதுடைய குஞ்சுகள் இறகு சிலிர்த்து ஒடுங்கி நிற்கும். எச்சத்தில் இரத்தம் காணப்படும். இதுவே இரத்தக்கழிச்சல். ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி இதனை உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் முட்டையுறைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாள்களில் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. தரையைக் கொத்தும் குஞ்சு அவற்றை விழுங்குகிறது. பின்னர் ஒட்டுண்ணி குடற்சுவரினுள் புகுந்து பெருகி, அச்சுவரைச் சிதைக்கிறது. பத்துக் குஞ்சு வளர்க்கும் வீட்டில் ஆறு மடிந்தால், முட்டை விற்று வரக்கூடிய சிறு வருவாயும் அவற்றோடு போய்விடும்.

கோழிக் குடலில் உருளைப்புழுவும் நாடாப்புழுவும்கூட வாழும். பலர் தடுமாறுவது இங்கேதான். புழுவுக்கு ஏற்ற மூலிகை ஓரணு உயிரிக்கும் ஏற்றதாகிவிடாது. பாக்கில் உள்ள அரிக்கோலின் புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்யும். நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற அது முன்பு மருந்தாகப் பயன்பட்டது. (பாக்குக்குத் தமிழில் 'அடைக்காய்' என்னும் பழம்பெயர் உண்டு, மலையாளத்து 'அடக்க' அதன் உடன்பிறப்பு.) பப்பாளிப் பாலில் உள்ள நொதிகள் உருளைப்புழுவின் மேற்றோலை அரிக்கின்றன.

ஐமீரியாவுக்கு எதிராக ஆராயப்பட்ட செடிகளுள் சிறப்பானது ஆர்ட்டிமிசியா அன்னுவா. இது நம் மாசிப்பத்திரியின் உறவுச்செடி. இதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்துக்காகச் சீன அறிவியலாளர் தூ யூயூ 2015 இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாக் கிருமியும் ஐமீரியாவும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. ஆதலால் ஆய்வாளர்கள் அம்மருந்தைக் கோழிகளிலும் சோதித்தனர். சில ஐமீரியா இனங்களிடம் அது பயன் தந்தது. எல்லாவற்றிடமும் ஒரே அளவில் பலிக்கவில்லை.

ஆம்ப்ரோலியம் போன்ற மருந்துகள் இருக்க, செடிகளை ஏன் நாட வேண்டும்? ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் ஒட்டுண்ணி அதனைத் தாங்கப் பழகிவிடுகிறது. 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுவழி மூலிகை மருத்துவத்தையும் ஆராய்ந்து உழவர்க்குக் கற்பித்து வருகிறது.

எனினும், கைக்கு வந்த அளவில் சாறு பிழிந்து கொடுத்தல் தகாது. செடியின் மருந்துச் சத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். பாக்கு மிகுந்தால் கோழிக்கே நஞ்சாகும். எச்சத்தில் இரத்தம் கண்டால் கால்நடை மருத்துவமனைக்கு, அதாவது அவ்வூர் வழக்கில் 'மிருகாசுபத்திரி'க்கு, விரைதல் வேண்டும். ஈரமான உமியை அகற்றி உலர்ந்த உமி பரப்புவதை அன்றே செய்யலாம்.

சொற்பொருள்: புறக்கடை – வீட்டின் பின்புறம், ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து வாழும் உயிரி, இடவப்பாதி – தென்மேற்குப் பருவமழை.

பயிற்சி
1. மழைக்காலத்தில் இரத்தக்கழிச்சல் மிகுவது ஏன்?
2. உங்கள் வீட்டில் வழங்கும் மூலிகைப் பெயர் ஐந்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக.