தறி ஓடும் வீட்டில் குழந்தை

பள்ளிபாளையம், குமாரபாளையம், ஜலகண்டாபுரம் பக்கம் குழந்தை கூப்பிட்டும் திரும்பாவிட்டால், விசைத்தறிச் சத்தம்தான் காரணம் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். 9 மாதம் ஆகியும் திரும்பவில்லை என்றால் காதுப் பரிசோதனை அவசியம். காது கேட்டால்தானே பேச்சு வரும்! “அவங்கப்பனும் தாமசமாத்தான் பேசுனான்” என்று பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

நடைக்கு அவ்வளவு பதற்றம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போது நடந்தாலும் இயல்புதான். 18 மாதம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதக் குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள்.

வந்த பேச்சு நின்றுபோனால், பழகியதைக் குழந்தை மறந்தால், எந்த வயதானாலும் உடனே கிளம்புங்கள்.

புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையைக் கொடுத்து, அதிலுள்ள வளர்ச்சிப் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு இலவசமாகவே பரிசோதிக்கும். அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.