மூன்று மலை வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: நான்கு நாள் விடுமுறை. வயதான அம்மா, இரண்டு குழந்தைகளுடன் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் மூன்றையும் பார்த்துவிட முடியுமா? – வாசகி, தாம்பரம்

முடியும், ஆனால் பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும். ஊட்டியையும் கொடைக்கானலையும் அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொண்டு, சேலத்தை மையமாக்குங்கள்.

சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் சேலம். அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அதிகாலையிலேயே அறை கிடைக்குமா என்று விடுதியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

இரண்டு நாள் அங்கேயே இருங்கள். முதல் நாள் ஏரியில் படகு, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட். மறுநாள் சேர்வராயன் கோயில், பிறகு காப்பித் தோட்டங்களையொட்டி நிதானமாக ஒரு நடை. கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான் அழகு. கோடையில் அதற்காக அலைய வேண்டாம்.

மூன்றாம் நாள் நாமக்கல் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டுக் கொல்லிமலை. அங்கே 70 வளைவுகள். வளைவுகளில் வயிறு புரட்டாமலிருக்க, காலையில் குழந்தைகளுக்கு இரண்டு இட்லி போதும். ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படி. அம்மா அறப்பளீசுவரர் கோயிலில் இளைப்பாறட்டும். நீங்கள் குழந்தைகளோடு இறங்கிக் குளித்து வாருங்கள்.

இரவு அங்கே தங்கி, நான்காம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கி, சேலத்தில் இரவு ரயிலைப் பிடியுங்கள். அம்மாவும் களைக்காமல் வீடு திரும்புவார்.